தேவளாலி வாத்தியாரின் எண்கள்

1885 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். புனேவில் ஃபெர்குசன் கல்லூரி தொடங்கிய ஆண்டு அது. அதன் நான்கு இலக்கங்களையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 8851. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 1588. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 7263. வந்த விடையையும் அதேபோல் கலைத்து, அடுக்கி, கழியுங்கள். 7632-இல் 2367 போக 5265. அடுத்து, 6552-இல் 2556 போக 3996. அதற்கடுத்து 6264. பிறகு 4176. பிறகு 6174. இனி இந்த 6174-ஐக் கலைத்து அடுக்கினால் 7641-இல் 1467 போக, மறுபடியும் 6174. கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

1885-இல் விசேஷம் ஒன்றுமில்லை. உங்கள் பிறந்த ஆண்டு, வண்டி எண், கதவு எண் என எதை வைத்து வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். 1111, 7777 போல நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இடையில் 999 போல மூன்று இலக்க விடை வந்தால் முன்னால் ஒரு பூஜ்ஜியம் போட்டு 0999 என்று வைத்துக்கொள்ள வேண்டும். இவை இரண்டுதான் நிபந்தனைகள். அதிகபட்சம் ஏழே கழித்தலில் எல்லா எண்ணும் 6174-இல் வந்து விழும். எஃப்.சி. ரோட்டில் வைஷாலி ஹோட்டல் வாசலில் இடத்துக்காகக் காத்து நிற்கும் நேரத்தில், கைப்பேசியைக்கூடத் தொடாமல், ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் இதைப் போட்டு முடித்துவிடலாம்.

அந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்த கல்லூரியில்தான் இந்த எண்ணுக்குப் பெயர் கொடுத்தவரும் படித்தார். தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர், 1905-இல் டஹாணுவில் பிறந்தவர். அப்பா குமாஸ்தா, ஜோதிடத்தில் ஈடுபாடு உள்ளவர். பையனுக்கு எட்டு வயதில் அம்மா போய்விட்டார். ஜாதகம் கணிக்கப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. ஆனால் கூட்டலும் கழித்தலும் பிசகாமல் வர வேண்டும். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து பையனுக்கு வந்தது. ஜோதிடத்தால் அறிவியலுக்குக் கிடைத்த அபூர்வமான லாபங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தாணேவில் பள்ளிப் படிப்பு, புனேவில் கல்லூரி. 1927-இல் ராங்ளர் பராஞ்ஜ்பே கணிதப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மாணவர்களின் சுயமான கணித ஆக்கத்துக்குத் தரப்படும் பரிசு அது. ராங்ளர் பராஞ்ஜ்பே 1899-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற முதல் இந்தியர். பின்னால் ஃபெர்குசன் கல்லூரிக்கே முதல்வராக இருந்தவர். அவர் பெயரிலான பரிசை வாங்கிய மாணவன் கேம்பிரிட்ஜ் போவான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காப்ரேகர் 1929-இல் இளநிலைப் பட்டம் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு நாசிக் அருகே தேவளாலியில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். 1962-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயேதான் இருந்தார். மேற்படிப்பு இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் இல்லை, பல்கலைக்கழகப் பதவியும் இல்லை. 6174-ஐப் பற்றி அவர் முதலில் அறிவித்தது 1949-இல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். அன்று அந்த அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் காகிதத்தை எடுத்துக் கழித்துப் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்கப் பிடித்திருக்கிறது.

இது ஒரு வித்தை என்று ரசித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பலர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். உண்மையான ருசி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது: ஏன் 6174?

எட்டாம் வகுப்பு இயற்கணிதம் போதும். நான்கு இலக்கங்களையும் பெரியதிலிருந்து வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். பெரிய எண்ணின் மதிப்பு 1000அ + 100ஆ + 10இ + ஈ. சிறிய எண்ணின் மதிப்பு 1000ஈ + 100இ + 10ஆ + அ. கழித்தால் 999(அ − ஈ) + 90(ஆ − இ). அவ்வளவுதான். நின்று நிதானமாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: விடையைத் தீர்மானிப்பவை நான்கு இலக்கங்கள் அல்ல, இரண்டே வித்தியாசங்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நடுவில் இருக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது அதைவிட அதிகமாக முடியாது. எண்ணிப் பார்த்தால் இப்படி 54 ஜோடிகள்தான் உண்டு. ஆக, 0001 முதல் 9998 வரையிலான 9990 எண்களும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் சுருங்கிவிடுகின்றன. பலநூறு ஓடைகள் மலை இறங்குவதற்குள் சில வாய்க்கால்களாகச் சேர்ந்துவிடுவதைப் போல. அந்த 54 விடைகளிலும் ஒரே இலக்கங்கள் இடம் மாறி வருபவற்றை ஒன்றாகக் கணக்கிட்டால் 30 கூட்டங்கள்தான் மிஞ்சும். முப்பதையும் ஒரு மாலை நேரத்தில் கையாலேயே சரிபார்த்துவிடலாம். சரிபார்த்தால் அதுவே முழுமையான நிரூபணம். கணினியோ உயர்கணிதமோ வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே 1885-இலிருந்து கிடைத்த விடைகளில் 3996 தவிர மற்ற எல்லாவற்றிலும் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் சேர்ந்து 10 ஆகின்றன. நடுவில் உள்ள இரண்டும் சேர்ந்து 8. 7263-இல் ஏழும் மூன்றும் பத்து, இரண்டும் ஆறும் எட்டு. 4176-இலும் அப்படியே. சின்ன வயதில் கழித்தலில் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கினோமே, அந்தக் கடன்தான் காரணம். 3996 மட்டும் விலகி நிற்பதற்குக் காரணம், அதற்கு முந்தைய 6552-இல் நடு இலக்கங்கள் இரண்டும் சமமாக இருந்ததுதான். அங்கே கடன் வேறு மாதிரி நகர்கிறது.

காரணம் தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வரும். மூன்று இலக்கம் என்றால்? 495-இல் போய் நிற்கும். இரண்டு இலக்கத்தில் எந்த எண்ணிலும் நிற்பதில்லை. 09, 81, 63, 27, 45 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து இலக்கத்திலும் நிலையான எண் கிடையாது, வெறும் சுழல்கள்தான். ஆறு இலக்கத்தில் 549945, 631764 என்று இரண்டு தங்குமிடங்கள் உண்டு. ஆனால் எல்லா எண்ணும் அங்கே வருவதில்லை. நான்கு இலக்கத்தில் இவ்வளவு ஒழுங்காக அமைந்தது ஒரு பாக்கியம்தான்.

இந்த மாதிரி விளையாட்டுகளைப் பெரிய கணித அறிஞர்கள் பொதுவாக மதிப்பதில்லை. ராமானுஜனைக் கண்டெடுத்த ஹார்டியே 1940-இல் எழுதிய தன் சிறு நூலில், 8712-உம் 9801-உம் தம்மைத் திருப்பிப் போட்ட எண்களின் மடங்குகள் என்பதைக் குறிப்பிட்டு, இவையெல்லாம் பத்திரிகையின் புதிர்ப் பகுதிக்குத் தகும், கணித அறிஞனுக்கு இதில் ஒன்றுமில்லை என்கிற பொருளில் ஒதுக்கிவிட்டார். அவர் வாதத்தில் வலு இருக்கிறது. 6174 என்பது நாம் பத்து விரல்களால் எண்ணப் பழகியதன் விளைவு. ஐந்தின் அடிமானத்தில் எண்ணும் ஒரு இனம் இருந்தால், அவர்களுடைய நான்கு இலக்க எண்கள் எல்லாம் 3032 என்று அவர்கள் எழுதும் எண்ணில் போய் நிற்கும். பகா எண்களைப் பற்றிய உண்மைகள் எழுதும் முறையைப் பொறுத்து மாறாது, இது மாறுகிறது.

ஆனால் ஹார்டி சொன்னதோடு விவகாரம் முடியவில்லை. எந்தெந்த அடிமானத்தில் நான்கு இலக்க எண்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1978-இல் ஒரு கட்டுரை வந்தது. வெளியிட்டது ஜெர்மனியின் பழம்பெரும் கணித இதழான கிரெல்லே. எழுதிய இருவரில் ஒருவர் ஹெல்முட் ஹாசே, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய எண்கணித அறிஞர்களில் ஒருவர். தேவளாலி வாத்தியாரின் கழித்தல் விளையாட்டு முப்பது ஆண்டுகளுக்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஹார்டியின் தரப்பில் நியாயம் இருந்தாலும், எனக்கு ஹாசேவின் பக்கம்தான் சாய்வு. ஒரு விசித்திரத்துக்குப் பின்னால் 'ஏன்' என்று கேட்க இடமிருந்தால் அது வெறும் துணுக்கு அல்ல. சும்மா சொல்லவில்லை: ஹார்டி சுவாரசியமற்றது என்று நினைத்த 1729-ஐயே எடுங்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று காப்ரேகர் பெயர் வைத்திருந்தார். 1, 7, 2, 9 கூட்டினால் 19. 1729 என்பது 19 பெருக்கல் 91. பெருக்கப்படும் இரண்டு எண்களும் ஒன்றையொன்று திருப்பிப் போட்டவை!

காப்ரேகரின் கண்டுபிடிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது 6174 அல்ல, சுய எண்கள். ஒரு எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினால் புதிய எண் ஒன்று பிறக்கும். 40-உடன் 4-ஐயும் 0-ஐயும் கூட்டினால் 44. அதாவது 40 என்பது 44-ஐப் பிறப்பித்த எண். சில எண்களுக்கு இப்படிப் பெற்றோர் இருவர் உண்டு: 91-உம் 101-ஐப் பிறப்பிக்கும், 100-உம் 101-ஐப் பிறப்பிக்கும். மூன்று பெற்றோர் உள்ள முதல் எண்ணைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டும். ஒன்று போட்டு, பன்னிரண்டு பூஜ்ஜியம் போட்டு, மறுபடி ஒன்று போட வேண்டும். பெற்றோரே இல்லாத எண்களும் உண்டு. 20-ஐ எந்த எண்ணாலும் பிறப்பிக்க முடியாது. 31, 42, 53, 64, 75, 86, 97 இவையும் அப்படித்தான். இவைதான் சுய எண்கள்.

ஆண்டுகளில் தேடிப் பார்க்கலாம். 1974, 1985, 1996, 2007 என்று பதினொன்று பதினொன்றாக வந்தவை, ஆயிரம் இடம் மாறியதும் தடுமாறி 2022-க்குத் தாவுகின்றன. அடுத்தது 2033. இடையில் பிறக்கும் குழந்தைகளின் பிறந்த ஆண்டுகளுக்கெல்லாம் ஒரு பெற்றோர் எண்ணாவது இருக்கும், 2026-க்கு 2021. காப்ரேகர் இந்த எண்களைப் பற்றிய தன் சிறு புத்தகத்தைத் தேவளாலியிலிருந்து தானே வெளியிட்டது 1963-இல். 1963-உம் ஒரு சுய எண்!

அவருடைய பெரும்பாலான எழுத்துகள் இப்படிச் சொந்தச் செலவில் அச்சிட்ட சிறு புத்தகங்களாகவோ, கல்விப் புலத்தில் அதிகம் மதிக்கப்படாத இதழ்களிலோதான் வந்தன. மது அருந்துபவன் அந்த இன்பத்தில் நீடிக்க மேலும் குடிக்க விரும்புவதைப் போலத்தான் எண்கள் விஷயத்தில் தானும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1966-இல் மனைவி இறந்த பிறகு ஓய்வூதியம் போதாமல் டியூஷன் எடுத்தார். 1975 மார்ச்சில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் தன் கணித விளையாட்டுப் பத்தியில் காப்ரேகரைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. 1986-இல் மறைந்தார்.

எண்கணிதத்தில் ஆர்வலனுக்கு ஒரு வசதி, ஆய்வுக்கூடம் கையிலேயே இருக்கிறது. இயற்பியலில் விசித்திரமான கருத்தை ரசிக்க இன்னும் கொஞ்சம் பொறுமையும் ஒரு நல்ல ஊரும் வேண்டும். அந்த வகையில் புனே கொடுத்து வைத்த ஊர். வானத்தைப் பார்க்க ஆசைப்படும் சாமானியர்களுக்காக ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா என்ற சங்கத்தை 1944-லேயே தொடங்கிய ஊர் இது. 1988-இல் இங்கே வந்த வானியல், வானியற்பியல் பல்கலைக்கழக மையத்தை எல்லோரும் 'அயூகா' என்றே சொல்கிறார்கள். சார்லஸ் கொரியா வடிவமைத்த வளாகம். முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நால்வருக்கும் சிலைகள் உண்டு. பெரிய அரங்குக்கு நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர்.

அங்கே ஒரு ஃபூக்கோ ஊசல் தொங்குகிறது. 1851-இல் ஃபூக்கோ பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுற்றுவதை மக்கள் கண்முன்னே காட்டினார். ஊசல் ஆடும் திசை மெல்ல மெல்லக் கடிகார முள் போகும் பக்கமாகத் திரும்பும். திரும்புவது ஊசல் அல்ல, அடியில் இருக்கும் தரை. கேட்டதும் தலையாட்டிவிடுவோம். அப்படியானால் 24 மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்று வர வேண்டுமே என்று தோன்றும். புனேவில் அதற்கு ஏறக்குறைய 75 மணி நேரம் ஆகிறது. சென்னையில் தொங்கவிட்டால் 106 மணி நேரம். கன்னியாகுமரியில் ஏழு நாள். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது.

பூமி ஒரே வேகத்தில்தானே சுற்றுகிறது, ஊருக்கு ஊர் எப்படி மாறும்? வட துருவத்தில் நின்றால் உங்கள் காலடித் தரை உங்களைச் சுற்றி ஒரு தட்டைப் போலச் சுழலும். நிலநடுக்கோட்டில் நின்றால் தரை சுழலாது. உங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கிழக்கே உருளும், அவ்வளவுதான். நடுவில் உள்ள ஊர்களில் இரண்டும் கலந்திருக்கும். தரையின் தட்டுச் சுழற்சி எவ்வளவு என்பதற்கு அட்சரேகையின் சைன் மதிப்பைப் பார்த்தால் போதும். மணிக்கு 15 பாகையை அதனால் பெருக்க வேண்டும். புனேவின் அட்சரேகை பதினெட்டரை பாகை. சைன் மதிப்பு 0.317, மணிக்கு நாலே முக்கால் பாகை. பத்தாம் வகுப்பில் எதற்கென்று தெரியாமல் மனப்பாடம் செய்த முக்கோணவியல் அட்டவணைக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. இதைத் திருப்பிப் போட்டால், ஜன்னல் இல்லாத அறையில் ஒரு ஊசலும் கடிகாரமும் இருந்தாலே, நீங்கள் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம்.

அயூகாவின் முதல் இயக்குநர் ஜெயந்த் நார்லிகரே விசித்திரமான கருத்துகளோடு வாழ்ந்தவர்தான். 1993-இல் வானியலாளர்கள் ஹாயில், பர்பிட்ஜ் இருவருடன் சேர்ந்து, பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் என்று ஒன்று இல்லை, அது விரிந்து சுருங்கி விரிந்து போய்க்கொண்டே இருக்கிறது, பொருள் ஆங்காங்கே புதிதாகப் பிறக்கிறது என்றொரு மாதிரியை முன்வைத்தார். பெருவெடிப்பின் மிச்சம் என்று மற்றவர்கள் சொல்லும் நுண்ணலைக் கதிர்வீச்சை, பழைய விண்மீன்களின் ஒளியை மெல்லிய இரும்பு இழைத் துகள்கள் உறிஞ்சி உமிழ்வதால் வருவது என்று விளக்கினார்கள். பெரும்பாலான அண்டவியலாளர்கள் ஏற்கவில்லை. கிடைத்த சான்றுகளும் பெருவெடிப்பின் பக்கமே சேர்ந்தன. ஆனாலும் நார்லிகரின் மாதிரியைப் படிப்பதில் ஒரு ஆர்வலனுக்குத் தனி இன்பம் இருக்கிறது. எல்லோரும் நம்பும் கதையில் எந்தெந்தச் செங்கல் உண்மையிலேயே பாரம் தாங்குகிறது என்பது அதை உருவிப் பார்த்தவனின் எழுத்தில்தான் தெரியும். அவரும் எங்கே சோதித்தால் தன் கருத்து விழும் என்பதை மறைக்காமல் எழுதினார்.

எண்ணிலும் இயற்பியலிலும் ஆர்வலர்கள் சறுக்கும் இடம் இதுதான். கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து மூன்றாகப் பிரித்துவிட்டேன் என்று எழுதி அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு. முடியாது என்று கணித அறிஞர் வான்ட்ஸெல் நிரூபித்தது 1837-இல். ஐன்ஸ்டைன் தவறு என்பதற்கு நாற்பது பக்கத்தில் ஆதாரம் அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்களிடம் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை, உழைப்புக்கும் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கணக்கைச் சரிபார்க்க வந்தால் மட்டும் கோபம் வந்துவிடும். காப்ரேகர் சொன்ன ஒவ்வொன்றையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் சரிபார்க்கலாம். தவறாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

நார்லிகர் மராத்தியில் அறிவியல் கதைகளும் எழுதினார். முதல் கதையை 1974-இல் மராத்தி விஞ்ஞான பரிஷத்தின் போட்டிக்கு நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில் அனுப்பினார்; தன் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு உருவாக்கிய பெயர். காப்ரேகர் பார்த்திருந்தால் நிச்சயம் ரசித்திருப்பார். பரிசும் கிடைத்தது. 2025 மே மாதம் புனேவில் அவர் காலமானார். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கையெழுத்து கேட்டால் நோட்டில் போட்டுத் தர மாட்டார். வீட்டுக்குப் போய் அறிவியலில் ஒரு கேள்வியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பு, பதில் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்பார். அட்டைகள் வந்தன. பதில்களும் போயின.